சரிபார்த்தவர் கையெழுத்து

"டீச்சர், எனக்கு மட்டும் ஏன் எப்பவும் காய்ஞ்சுபோன வார்த்தையாவே வாய்க்குது?"

ஜெபக்கனி டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. போன வருஷக் காலண்டர் தாள்களைச் சீட்டு சீட்டாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் என்ன வார்த்தைக் கட்டு எடுத்தீங்க சார்?"

"பேன், பேன்ட்ரி, பேனிக், பேன்ட்ஸ்."

"கொம்பையா எடுத்தது?"

"மவுஸ், மஸில்."

"ரெண்டு கட்டும் மேசைலதான் கெடந்துது. முதல்ல எடுத்தது யாரு?"

நான்தான். வயதில் மூத்தவன் என்று முதலில் எடுக்கும் மரியாதை எனக்கு.

"அப்போ மாத்திக்கிடுங்க," என்றார் டீச்சர். "அவரோடதை நீங்க எழுதுங்க. உங்களோடதை அவரு எழுதட்டும்."

கத்தரி நிற்கவே இல்லை.

*

நான் பிரமநாயகம். கல்லூரியில் முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தெட்டு. டீச்சருக்கு நாற்பத்திரண்டு. அவ்வளவு சின்னவரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. தெரிந்தவர் தெரிந்தவர்தான்.

வெட்கம் வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே டீச்சருடைய அறை. சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். டீச்சர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே மாதிரி தொடங்குகிற ஆங்கில வார்த்தைகளை ஒரு கட்டாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, என்ன அர்த்தத்தோடு பிறந்தது, எது எதற்கு ரத்த சொந்தம், எது வெறும் பக்கத்து வீடு என்று தமிழில் சொல்லும் புத்தகம்.

முதல் நாள் என் முன்னால் ஒரு பேனாவையும் பென்சிலையும் வைத்தார்.

"பென், பென்சில். சொந்தமா சார்?"

"இதென்ன கேள்வி? அண்ணன் தம்பி."

"பென்னுன்னா இறகு. பென்சில்னா குட்டி வாலு. ஒண்ணு பறவைகிட்டேருந்து வந்துது, இன்னொண்ணு மிருகத்துகிட்டேருந்து. ஒரே சட்டைப்பையில கெடந்தா சொந்தம் ஆயிருமா?"

அந்த இரண்டையும் சட்டைப்பையில் குத்திக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் வகுப்புக்குப் போனவன் நான். ஒரு நாள் கூடக் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கே சிஷ்யன் ஆகிவிட்டேன்.

ஐந்து வருஷம் நான் ஒருவன்தான். அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

*

பிறகு கொம்பையா வந்தான்.

அரசு பஸ் கண்டக்டர். படிப்பு பத்தாவது. டீச்சர் ஒருநாள் பஸ்ஸில் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். ஒன்று காற்றில் பறந்து அவன் காலடியில் விழுந்திருக்கிறது. எடுத்துப் படித்தானாம். டிக்கெட் கொடுப்பதை அப்படியே நிறுத்திவிட்டானாம்.

"கம்பேனியன்னா கூட உக்காந்து ரொட்டி தின்னவனா? இது நெசந்தானாம்மா?"

"நெசந்தான்."

"அப்போ கம்பெனின்னு போர்டு போட்டுருக்கானே, அதுவும் இதே ரொட்டிதானா?"

"அதே ரொட்டிதான்."

பின்னால் இருந்தவர்கள் டிக்கெட் கேட்டுக் கத்தியிருக்கிறார்கள். இவன் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை காக்கிச் சட்டையோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டான். தோளில் டிக்கெட் பை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "நீங்கதான் புரொபசர் சாரா? உங்ககிட்டத்தான் எல்லாம் கேட்டுக்கிடணும்," என்றான்.

எனக்கு அவனை அப்போதே பிடிக்கவில்லை.

*

கட்டு மாற்றிய அந்த வாரத்துக்கு வருகிறேன்.

நான் விடுவேனா? இரண்டு அகராதி, ஒரு லத்தீன் இலக்கணம், மூன்று நாள். மவுஸ், மஸில் இரண்டும் நிஜமாகவே சொந்தம். மஸில் என்றால் லத்தீனில் சிற்றெலி. இதை அத்தனை ஆதாரத்தோடும் எழுதினேன். எந்த நூற்றாண்டில் எந்த மொழி வழியாக வந்தது என்பதுவரை எழுதினேன்.

டீச்சர் வாசித்தார்.

"சரி," என்றார்.

அவ்வளவுதான். சரி.

கொம்பையா நான் வீசிய கட்டை எடுத்து நீட்டினான். டீச்சர் சத்தமாக வாசித்தார்.

"பேன் என்றால் சட்டி. பேன்ட்ரி என்றால் சட்டி வைக்கும் இடம் என்று ஏமாற வேண்டாம், அது ரொட்டி வைக்கும் இடம். பேனிக் என்றால் பான் என்கிற கிரேக்கச் சாமி ஆளில்லாத காட்டில் ஆட்களுக்குக் காட்டும் பயம். நம் ஊரிலும் அப்படிச் சாமிகள் உண்டு. பேன்ட்ஸ் என்றால் இத்தாலி நாடகத்தில் வரும் ஒரு கிழட்டுக் கோமாளி போட்டிருந்த கால்சட்டை. நாலு பேரும் ஒரே ஸ்டாப்பில் ஏறியிருக்கிறார்கள். நாலு பேருக்கும் ஊர் வேறு."

டீச்சர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என் தலையில கட்டின பேனை இவன் எடுத்து விளையாடுதான்," என்று நானும் சிரித்து வைத்தேன். வயிறு என்னமாய் எரிந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

"மஸிலு எலியா சார்?" என்று கொம்பையா என்னைக் கேட்டான். கையை மடக்கிப் பார்த்துக்கொண்டான். "ஆமா டீச்சர், பாருங்க! தோலுக்கு அடியில எலிக்குஞ்சு ஓடுதுல்லா! சார் எழுதுனது எவ்வளவு சரி!"

நான் மூன்று நாள் எழுதியதை அவன் மூன்று நொடியில் செய்துவிட்டான். அதற்கும் டீச்சர் சிரித்தார்.

*

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எழுதியவன் தன் சீட்டைத் தானே சரிபார்க்கக் கூடாது. முதல் ஐந்து வருஷம் டீச்சரும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இப்போது நான் எழுதியதைக் கொம்பையா பார்ப்பான். அவன் எழுதியதை நான் பார்ப்பேன். தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தப்பு இல்லையென்றால் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து. கையெழுத்து விழுந்த சீட்டு தகரப் பெட்டிக்குள் போகும். மாதக் கடைசிச் சனிக்கிழமை டீச்சர் எல்லாவற்றையும் உரக்க வாசிப்பார்.

எழுதியவன் பெயர் சீட்டில் எங்கேயும் கிடையாது.

"இது என்ன டீச்சர் அநியாயம்? எழுதுனவன் பேர் வேண்டாமா?" என்று வந்த புதிதில் கேட்டிருக்கிறேன்.

"எதுக்கு சார்? தப்பு வந்தா யாரைக் கேக்கணும்னு தெரிஞ்சாப் போதும்."

கொம்பையாவின் சீட்டுகளை நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பேன். முதல் வருஷம் சிவப்பாகவே திரும்பிப் போகும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதற்கென்றே அவன் ஒரு வார்த்தை வைத்திருந்தான்.

"நல்ல வேளை சார், நீங்க பாத்தீங்க."

ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வான். முகம் கோணாது. ஒரு தடவையாவது முறைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் சீட்டுகளை அவன் பார்க்கிற அழகு வேறு. உடனே கையெழுத்துப் போட மாட்டான். டூட்டி முடிந்து மாவட்ட நூலகத்துக்குப் போய், நான் எழுதிய ஒவ்வொன்றையும் அகராதியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் போடுவான்.

"என்ன வே, நான் எழுதுனதுல உமக்குச் சந்தேகமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, சந்தேகம் இல்ல சார். எம் பேருல்லா கீழ வருது."

*

மார்கழி முதல் சனிக்கிழமை டீச்சர் சொன்னார்.

"வீட்டுக்காரருக்கு ஷில்லாங்குக்கு மாத்தலாயிட்டு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நானும் போறேன். மாசக் கடைசி."

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கக்கூட இல்லை.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் என் கண் தகரப் பெட்டி மேல் போனது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அப்போ புத்தகம்?" என்றேன்.

"பாதி முடிஞ்சிருக்கு. மீதியை உங்கள்ல ஒருத்தர் முடிக்கணும். பெட்டி அவர்கிட்ட இருக்கும். முடிச்சவர் பேரும் என் பேரும் அட்டையில வரும்."

"ஒருத்தரா? யாரு?"

"கடைசிச் சனிக்கிழமை வாசிப்பு முடிஞ்சதும் சொல்லுதேன்."

முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர்கள் எழுதிய புத்தகத்தையே பிரித்துப் பிரித்துப் பாடம் சொன்னவன் நான். என் பெயர் அச்சில் வந்தது என் மகள் கல்யாணப் பத்திரிகையில் மட்டும். அந்த அட்டை எனக்கு வேண்டும். அந்தப் பெட்டி என் வீட்டு அலமாரி மேல் இருக்க வேண்டும். வேறு யாருக்குக் கொடுக்க முடியும்? பத்தாம் வகுப்புக் கண்டக்டருக்கா?

கொடுத்துவிடுவார். அதுதான் என் பயம். சிரித்த சிரிப்பை நான் பார்த்தேனே.

*

அடுத்த வாரம் கொம்பையா ஒரு சீட்டைக் கொண்டுவந்தான். மாடி ஏறவில்லை. சைக்கிள் கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"சார், டூட்டி மாத்திப் போட்டுட்டாங்க. இதை மட்டும் பாத்துருங்க. லைப்ரரிக்குப் போனா பெயின்ட் அடிக்காங்கன்னு பூட்டிக் கெடக்கு. ரைவல் எனக்கு நல்லாத் தெரியும், டீச்சர் ஒருக்க சொல்லியிருக்காங்க. ரிவருதான் சந்தேகம். ஒரே மாதிரி இருக்குன்னு ஒரு துணிச்சல்ல எழுதிட்டேன்."

"பாத்துக்கிடுதேன்."

"உங்களை நம்பித்தான் சார் விட்டுட்டுப் போறேன்."

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டான்.

நான் மேலே போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தேன்.

"ரைவல். போட்டிக்காரனுக்கு ரோமாபுரிக்காரர்கள் வைத்த பெயர். ஒரே ஓடையில் தண்ணீர் எடுத்துப் பயிர் வைக்கும் இரண்டு சம்சாரிகள். ஒருத்தன் மடையைத் திறந்தால் இன்னொருத்தன் வயல் காயும் என்று இரண்டு பேருமே நினைப்பார்கள். மண்வெட்டியோடு விடியவிடிய வரப்பில் காவல் இருப்பார்கள். ஓடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்."

படித்துவிட்டுச் சீட்டை மேசையில் வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. மறுபடி எடுத்துப் படித்தேன்.

இப்படி ஒரு நாலு வரி எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? எனக்குத் தெரியாத எது இவனுக்குத் தெரியும்? ஒன்றும் கிடையாது. லத்தீனில் ஒரு எழுத்துத் தெரியாது. பொறாமையில் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. டீச்சர் இதை வாசித்தால் பெட்டி போயிற்று என்று தெரிந்துவிட்டது.

அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தேன்.

"ரிவர் என்பதும் இதே ஓடையிலிருந்து வந்த பிள்ளைதான்."

தப்பு.

சுத்தமான தப்பு. ரைவல் பிறந்தது ஓடையிலிருந்து. ரிவர் பிறந்தது கரையிலிருந்து. லத்தீனில் ஓடைக்கு ஒரு வார்த்தை, கரைக்கு ஒரு வார்த்தை. இரண்டும் வேறு வேறு வீடு. ஆரம்பம் ஒரே மாதிரி இருந்தால் பிறப்பும் ஒன்று என்று எழுதுவதைவிட டீச்சருக்குப் பிடிக்காத தப்பு உலகத்தில் இல்லை. புத்தகமே அதற்காகத்தான் எழுதுகிறார்.

சிவப்புப் பென்சில் என் கையில்தான் இருந்தது. ஒரு சுழி. ஒரு நொடி வேலை.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

பேனாவை எடுத்தேன். பிரமநாயகம் என்று முழுசாக, அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

*

அந்த இரண்டு வாரமும் எனக்கு நல்ல பசி.

"என்ன இது, கேட்டுக் கேட்டுச் சாப்பிடுதீங்க?" என்றாள் என் மனைவி.

"ரசம் நல்லாருக்கு."

"முந்தாநாளும் இதே ரசம்தான்."

கொம்பையா இடையில் ஒருநாள் போன் பண்ணினான்.

"சார், அந்தச் சீட்டு என்ன ஆச்சு? சுழிச்சீங்களா?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்போ சரியாத்தான் எழுதிருக்கேனா!" சத்தமாகச் சிரித்தான். பஸ் இரைச்சலிலும் கேட்டது. "ரெண்டு நாளா அதே நெனப்பு சார். இனி நிம்மதி."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் பெட்டியை நினைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

*

கடைசிச் சனிக்கிழமை. அறை பாதி காலியாகியிருந்தது. புத்தக அலமாரி போய்விட்டது. மூன்று நாற்காலி, மேசை, தகரப் பெட்டி மட்டும் மிச்சம்.

டீச்சர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். சில என்னுடையவை. சில அவனுடையவை. நான் எதையும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

வந்தது.

"ரைவல்," என்று தொடங்கினார் டீச்சர். ஓடை, மடை, மண்வெட்டி, வரப்பு. வாசித்து முடித்து, திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து வாசித்தார். இரண்டாம் தடவை மெதுவாக.

எரிச்சல்தான். இருந்தாலும் எனக்கென்ன? இன்னும் ஒரு வரி பாக்கி இருந்ததே.

கடைசி வரியை வாசித்தார். நிறுத்தினார்.

"இது தப்பாச்சே," என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். உதடு சிரித்துவிடக் கூடாதே.

"இருக்காது டீச்சர்," என்றான் கொம்பையா.

டீச்சர் அவனைப் பார்த்தார். "தப்புதான் கொம்பையா. ரிவர் வேற. அது கரைலேருந்து வந்தது."

"இல்ல டீச்சர். நீங்க இன்னொருக்க பாருங்க."

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்தான். நான் இல்லைங்கல. ஆனா சார் பாத்துக் கையெழுத்துப் போட்டுருக்காரு. தப்புன்னா சார் விட்டுருப்பாரா? மூணு வருஷத்துல ஒரு புள்ளி விட்டதில்ல."

மூன்று வருஷத்தில் டீச்சரை அவன் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

டீச்சர் சீட்டை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

பார்த்தேன். ஓடையும் வயலும் தப்பும் எழுதியவன் பெயர் அதில் இல்லை. அந்தச் சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. முழுசாக, அழகாக.

இதை எப்படி மறந்தேன்? எட்டு வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன். அவனைக் கவிழ்க்கிற அவசரத்தில், கவிழப்போகிற இடத்தில் என் பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

"கவனிக்கலையா சார்?" என்றார் டீச்சர்.

கொம்பையா முந்திக்கொண்டான். "என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்லா டீச்சர். கடைசி வரியை ரொம்பப் பொடிசா எழுதிட்டேன். சாருக்குத் தெரிஞ்சிருக்காது. என் மேலதான் தப்பு."

கதவைத் திறந்து விட்டுவிட்டான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது. பெட்டிகூட இன்னும் கை விட்டுப் போகவில்லை.

வாயைத் திறந்தேன்.

"தெரிஞ்சுது," என்றேன்.

"என்ன சார்?"

"நல்லாத் தெரிஞ்சுது வே. தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

கீழே யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு சார்?"

"பொறாமை."

"யார் மேல?"

"உம்ம மேலதான்."

அவன் நம்பவில்லை. டீச்சரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தன் காக்கிச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"எம் மேலயா? உங்களுக்கா?"

"ஆமா."

சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் மெல்ல மாறியது. மூன்று வருஷமாக எந்தச் சிவப்புச் சுழியும் மாற்றாத முகம்.

"லைப்ரரி பூட்டிக் கெடக்குன்னு உங்ககிட்ட சொன்னேனே சார்," என்றான். "போன்லயும் கேட்டேனே."

டிக்கெட் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போயிருந்தால் அதுதான் நியாயம்.

டீச்சர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மேசைக்கு அடியில் காலை நீட்டி, தகரப் பெட்டியைத் தரையோடு தள்ளினார். அது கரகரவென்று நகர்ந்துபோய்க் கொம்பையாவின் செருப்பில் முட்டி நின்றது.

முடிந்தது.

நியாயம்தான் என்று புத்தி சொன்னது. வயிறு கேட்கவில்லை. அத்தனை வெட்கத்துக்கு நடுவிலும், அந்தப் பெட்டி அவன் காலடியில் இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும்.

"நான் கெளம்புதேன் டீச்சர்," என்று எழுந்தேன்.

"இருங்க சார்," என்றான் கொம்பையா.

சட்டைப்பையில் கையை விட்டான். நாலாக மடித்த சீட்டுகள். ஏழெட்டு இருக்கும். அந்த வாரம் எழுதியவை. மடிப்பைப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் முன்னால் வைத்தான். மேசையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்து அதன் மேல் வைத்தான்.

"பாத்துருங்க," என்றான். குரல் இன்னும் சரியாகவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இதுக்கு அப்புறமும் என்கிட்டயா வே?"

"உங்ககிட்டதான்."

"எந்த நம்பிக்கையில?"

கொம்பையா மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"தெரியாம ஒரு தப்பைக்கூட விட மாட்டீங்கன்னு இன்னைக்குத்தானே சார் உறுதியாச்சு?"